தொட்டது ஓரிடம், பதிவானது ஓரிடம்

வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேரும் இடத்தில் இருக்கிறது இருக்கன்குடி. ஆற்றில் தண்ணீரைப் பார்க்கிற நாட்களைவிட மணலைப் பார்க்கிற நாட்கள்தான் அதிகம். ஆடி கடைசி வெள்ளிக்கு அந்த மணலும் கண்ணில் படாது, அவ்வளவு கூட்டம். மாரியம்மனுக்குக் கண்நோய் தீர வேண்டிக்கொள்கிறவர்கள் கண்மலர் சாத்துவது தென்மாவட்டங்களில் பழகிப்போன நேர்த்திக்கடன். மெல்லிய உலோகத் தகட்டில் இரண்டு கண்கள் புடைத்து நிற்கும். டை என்ற அச்சின் மேல் தகட்டை வைத்து அழுத்தினால் கண் எழும்பி வந்துவிடும். அப்படிப் பல்லாயிரம் முறை அழுத்திய டையில் இமையின் ஓரம் மழுங்கும், கருவிழியைச் சுற்றிய வளையம் தேயும். அதைச் செதுக்கியவர் இன்று இல்லையென்றால் அதேபோல் இன்னொன்று செய்ய என்ன வழி?

சாத்தூர், சிவகாசிப் பக்கத்தில் இந்தக் கேள்வி கண்மலரோடு நிற்காது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது, லேபிளுக்கு அச்சகம் வந்தது, அச்சகம் காலண்டருக்குப் போனது, காலண்டரில் சாமி படத்தின் கிரீடம் தங்க நிறத்தில் புடைத்து நிற்க எம்போசிங் டை வந்தது. சாத்தூரில் ஒரு காலத்தில் பேனா நிப் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவும் டை வேலைதான். எதைத் தொட்டாலும் டையில் போய் நிற்கிற வட்டாரம் இது.

இந்தப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கணினி சொன்னபடி வெட்டும் 3018 வகைச் சிறு சிஎன்சி மெஷின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 செ.மீ.க்கு 18 செ.மீ. படுக்கை, ஒரு செல்போன் விலை, பாகங்களாக வந்து நாமே பூட்டிக்கொள்வது. பொழுதுபோக்குக்கு வாங்கியதுதான், ஆனால் இந்த ஊரில் பொழுதுபோக்குக்கும் தொழிலுக்கும் நடுவே பெரிய சுவர் கிடையாது. தேய்ந்த பித்தளை டையைப் படுக்கையில் பிடித்து, ஸ்பிண்டிலில் வெட்டும் கருவிக்குப் பதில் தொடு புரோப் ஒன்றை மாட்டி, அரை மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி என்று தொட்டுத் தொட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டே போனால் டையின் மேடுபள்ளம் எண்களாகக் கிடைத்துவிடும். 50 மி.மீ. சதுரத்துக்கு ஏறத்தாழ 10,000 புள்ளிகள். புள்ளிக்கு 6 விநாடி என்றால் 16 மணி 40 நிமிடம். காலையில் ஓடவிட்டு நள்ளிரவில் கோப்பைத் திறந்து படமாகப் போட்டுப் பார்த்தால் கண் இருக்கும். ஆனால் இமைக்கு நடுவே ஊசி ஊசியாக முளைத்திருக்கும், ஒரு பக்கம் சரிந்திருக்கும், ஓரமெல்லாம் சீப்புப் பல்லாக இருக்கும்.

இது ஏன் என்று புரிய, புரோப் என்ன செய்கிறது என்பதைவிட எதைச் செய்வதில்லை என்று பார்க்க வேண்டும். புரோப் எதையும் அளப்பதில்லை.

1972இல் இங்கிலாந்தின் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் கான்கார்டு விமானத்துக்கான ஒலிம்பஸ் எஞ்சின் வேலை நடந்துகொண்டிருந்தது. எஞ்சினுக்குரிய மெல்லிய எரிபொருள் குழாய்களை அளக்க வேண்டும். அப்போதைய அளவை மெஷின்களின் முனை கெட்டியானது. அதைக் கொண்டுபோய் ஒட்டவைத்தால் குழாயே வளைந்துகொடுக்கும். கிடைப்பது வளைந்த குழாயின் அளவு. டப்ளினில் பிறந்த டேவிட் மெக்மர்ட்ரி என்ற பொறியாளர் ஒரு வாரயிறுதியில் இதற்கு வழி கண்டார். முனையைத் தாங்கும் தலையில் மூன்று சிறு தண்டுகள். ஒவ்வொரு தண்டும் இரண்டு குண்டுகளின் மேல் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். ஆறு தொடுபுள்ளிகள் வழியாக ஒரே மின்சுற்று. முனை எந்தப் பக்கம் லேசாகத் தள்ளப்பட்டாலும் ஏதோ ஒரு தொடுபுள்ளி விலகும், சுற்று அறும். விட்டுவிட்டால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து உட்கார்த்திவிடும். மறுவருஷம் ஜான் டீருடன் சேர்ந்து அவர் தொடங்கியதுதான் ரெனிஷா நிறுவனம். 2024 டிசம்பரில் மெக்மர்ட்ரி காலமானார். இன்று இணையக் கடையில் மலிவாகக் கிடைக்கும் முப்பரிமாணப் புரோப்பைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே பெரும்பாலும் அவருடைய மூன்று தண்டுகளும் ஆறு குண்டுகளும்தான்.

ஆக, புரோப் சொல்வது ஒரே ஒரு சொல்: “இப்போது.” எங்கே என்பதை மெஷின்தான் சொல்ல வேண்டும். இந்த மெஷினுக்கோ கண் கிடையாது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். டிரைவர் ஒவ்வொன்றையும் 16ஆக உடைக்கிறது. லீட் ஸ்க்ரூ ஒரு சுற்றில் 4 மி.மீ. நகர்த்துகிறது. மில்லிமீட்டருக்கு 800 துடிப்பு, துடிப்புக்கு 0.00125 மி.மீ. தான் அனுப்பிய துடிப்புகளை எண்ணிவைத்துக்கொண்டு இங்கே இருக்கிறேன் என்று கட்டுப்பாட்டுப் பலகை சொல்கிறது. உண்மையில் அங்கே இருக்கிறதா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. கோப்பில் பதிவாகும் எண், “இப்போது” என்ற சத்தம் காதில் விழுந்த நொடியில் துடிப்புக் கணக்கு எவ்வளவு இருந்தது என்பது மட்டுமே. அந்தச் சத்தம் பொய்யாக இருக்கலாம், தாமதமாக வரலாம், கணக்கு நழுவியிருக்கலாம், எழுதியவர் வேறு எண்ணை எழுதியிருக்கலாம். இந்த நாலு பிழைக்கும் நாலு முகம். கோப்பை வரைபடமாக்கிப் பார்க்கத் தெரிந்தால், ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்பே குற்றவாளி யார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பலர் செய்வது நேர்மாறு: புரோப்பை மாற்று, வயரை மாற்று, மென்பொருளை மாற்று, கடைசியில் மெஷினை விற்றுவிடு.

முதலில் 10,000 புள்ளிகளை மறந்துவிட்டு ஒரே இடத்தை 20 முறை தொட வேண்டும். டையின் சமமான ஓரத்தில், எக்ஸ், ஒய் அசையாமல், இசட் அச்சு மட்டும் மேலும் கீழும். கிடைக்கும் 20 உயரங்களையும் வரிசையாகப் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலானவை ஓரிடத்தில் குவிந்து ஒன்றிரண்டு மட்டும் மிக உயரத்தில் இருந்தால், தொடுவதற்கு முன்பே யாரோ “இப்போது” என்று கத்தியிருக்கிறார்கள்: மின் இரைச்சல், அல்லது அதிர்வு. ஒன்றிரண்டு மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் தொட்டும் தெரியவில்லை: இடையில் எண்ணெயோ துருவோ வார்னிஷோ இருக்கிறது. எல்லாம் ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே போனால் வெப்பம், அல்லது திருகு எங்கோ தளர்கிறது. இரண்டு குவியலாகப் பிரிந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைகளில் மாறி மாறி உட்காருகிறது. முனையைத் திருகிய இடத்தைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். எல்லாம் சேர்ந்து ஆயிரத்தில் சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிட்டால் இசட்டும் புரோப்பும் யோக்கியம். பிழை வேறு எங்கோ. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

இப்போது இரைச்சலுக்கு வருவோம். கரிசல் பூமியில் இது ஒரு தனி அத்தியாயம்.

பித்தளை மின்சாரம் கடத்துவதால், தொடக்கத்தில் பலரும் புரோப் வாங்குவதே இல்லை. ஸ்பிண்டிலில் ஒரு கூரிய ஊசி, டையில் ஒரு முதலை கிளிப், ஊசியில் ஒரு கிளிப். ஊசி டையைத் தொட்டால் சுற்று மூடும். மலிவான, சரியான யோசனைதான். (கிளிப்பை ஸ்பிண்டிலின் உடம்பில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங்கைத் தாண்டி வர வேண்டும்; பேரிங்கில் கிரீஸ் இருக்கிறது; கிரீஸ் கடத்தாது. தொட்டது சிலசமயம் தெரியும், சிலசமயம் தெரியாது. ஊசியிலேயே மாட்டிவிட வேண்டும்.) ஆனால் இந்தச் சுற்றுக்கும் மெக்மர்ட்ரியின் சுற்றுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அவருடையது தொடும்வரை மூடியிருந்து தொட்டதும் திறக்கும். ஊசிச் சுற்று தொடும்வரை திறந்திருக்கும். வயர் அறுந்துவிட்டால் மூடிய சுற்றுக்கு அது தொட்டதாகவே தெரியும், மெஷின் நின்றுவிடும். திறந்த சுற்றுக்கு வயர் அறுந்ததே தெரியாது. டையைத் துளைத்துக்கொண்டு இறங்கும்.

திறந்த சுற்றில் காத்திருக்கும் வயர், கட்டுப்பாட்டுப் பலகை ஆர்டுயினோ உனோவாக இருந்தால், அதன் சிப்பின் உள்ளே இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் தடையின் தயவில் 5 வோல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். மின்னோட்டம் 0.25 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. ஒரு மீட்டர் நீள வயர், பக்கத்திலேயே ஸ்டெப்பர் வயர்கள்; அவற்றில் டிரைவர் விநாடிக்குப் பல்லாயிரம் முறை மின்னோட்டத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தப் பலவீனமான வயரை அவை அசைத்துவிடும். மருந்து எளிது: வெளியே 1 கிலோ ஓம் தடை ஒன்றை 5 வோல்ட்டுக்குப் போட்டால் மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியராகும். பலகையின் நுழைவாயிலில் 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றைத் தரைக்கோட்டுக்குப் போட்டால் நுண்ணிய துள்ளல்களை அது விழுங்கிவிடும். இரண்டும் சேர்ந்து தரும் தாமதம் 0.1 மில்லி விநாடி அளவு. நிமிடத்துக்கு 100 மி.மீ. வேகத்தில் அதற்குள் ஊசி நகர்வது பத்தாயிரத்தில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, கவலை வேண்டாம். வயரை முறுக்கி, மேலே வலையுறை உள்ளதாகப் போட்டு, அந்த வலையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேர்க்க வேண்டும். இரண்டு முனையிலும் சேர்த்தால் வலையே ஒரு வளையமாகி இரைச்சலை வரவழைக்கும்.

எங்கே சேர்ப்பது, எர்த் இருக்கிறதா? மெஷினோடு வரும் மின்மாற்றிப் பெட்டிக்குச் சில நேரம் இரண்டு ஊசி பிளக்தான். மூன்று ஊசி இருந்தாலும் சுவரில் உள்ள மூன்றாவது ஓட்டையின் பின்னால் ஒன்றுமே இல்லாத வீடுகள் உண்டு. இவ்வகைப் பெட்டிகளின் உள்ளே இரைச்சலை வடிகட்டச் சிறு மின்தேக்கிகள் இருக்கும். எர்த் இல்லையென்றால் அவற்றின் வழியாக உலோகச் சட்டம் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி மின்னழுத்தத்தில் மிதக்கும். புறங்கையால் சட்டத்தைத் தடவினால் சுருசுருவென்று இருக்குமே, அது இதுதான். அந்த 50 ஹெர்ட்ஸ் அலையின் மேல்தான் நம் புரோப் வயரும் மிதக்கிறது. ஒரு அலைக்கு 20 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 100 மி.மீ. வேகத்தில் அதற்குள் ஊசி 0.033 மி.மீ. இறங்கிவிடும். உயரங்கள் அந்த அளவில் சிதறினால் மெயின்ஸ் மேல் சந்தேகப்படலாம். கண்டுபிடிக்கக் காசில்லாத வழி: லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டி அதே 20 தொடுகை. சிதறல் அடங்கினால் விசாரணை முடிந்தது.

வீட்டுக்கு எர்த் குழி இருந்தாலும் இந்த மண்ணில் அது முழு உத்தரவாதம் இல்லை. கரிசல் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, கைநுழையும் அளவு வெடிக்கும் மண். சித்திரையில் குழாயைச் சுற்றிய மண் காய்ந்து விலகிவிட்டால் எர்த்தின் தடை ஏறிவிடும். கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். எர்த்திங்குக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 3043 இதற்கென்றே இருக்கிறது. மழைக்காலத்தில் ஒழுங்காகப் பதிவு செய்த மெஷின் பங்குனிக்குப் பிறகு உளற ஆரம்பித்தால் மென்பொருளைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் ஒரு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றிப் பார்ப்பது நல்லது.

பட்டாசு ஆலைக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. வெடிமருந்து அறைக்குள் போகுமுன் பூமியோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொடுவதும், நைலான் ஒதுக்கிப் பருத்தி உடுத்துவதும் உயிர்காக்கும் நடைமுறைகள். வறண்ட காற்றில் உடம்பில் ஏறும் நிலைமின்சாரம் ஏறக்குறைய 3,000 வோல்ட் ஆகும்வரை நம் விரலுக்கு உறைப்பதே இல்லை. சிப்பின் உள்ளீட்டுக் காலுக்கு அதில் ஒரு பகுதியே போதும். ஒரு நல்ல நாளில் ஊசிச் சுற்று திடீரென நிரந்தரமாகத் தொட்டபடியே இருந்தால் வயரைப் பலகையிலிருந்து கழற்றிப் பாருங்கள். அப்போதும் தொட்டதாகவே காட்டினால் அந்தக் கால் போய்விட்டது. (இதைச் சொல்லாமல் போகக்கூடாது: பொறி பறக்கும் பிரஷ் மோட்டார் உள்ள இந்த மெஷினை மருந்து இருக்கும் எந்தக் கூரைக்கும் அருகில் வைக்காதீர்கள்.)

அடுத்தது, எழுதியவர் வேறு எண்ணை எழுதுவது. இங்கேதான் நன்கு ஓடும் மெஷின்களும் மாட்டிக்கொள்கின்றன, ஏனென்றால் மெஷினில் பழுதே இருக்காது.

சிறு மெஷின்களில் பெரும்பாலும் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள். நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009இல் தொடங்கியது. அதில் ஜி38.2 என்ற கட்டளை, தொடும்வரை இறங்கு என்று சொல்லும். இறங்கத் தொடங்கும் முன்பே தொட்டதாகத் தெரிந்தால் அலாரம் 4. சொன்ன ஆழம்வரை போயும் தொடவில்லையென்றால் அலாரம் 5. மூடிய சுற்றுப் புரோப்பைப் புதிதாக மாட்டியவர்களுக்கு முதல் நாளே அலாரம் 4தான் வாய்க்கும். பழுது ஒன்றுமில்லை, டாலர் 6 என்ற அமைப்பை 1 ஆக்கினால் மென்பொருள் சமிக்ஞையைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளும்.

நீண்ட பதிவில் ஒரு புள்ளி தொடாமல் போனதற்காக அலாரம் அடித்து எல்லாம் நிற்கக்கூடாது என்று ஜி38.3 பயன்படுத்துவார்கள். அது தொடாவிட்டாலும் அலாரம் அடிக்காது. ஆனால் சும்மாவும் இருக்காது. கடைசியாகப் போய் நின்ற ஆழத்தை வழக்கம்போல ஒரு விடையாக அனுப்பிவிடும். வித்தியாசம் விடையின் வாலில் மட்டும்: முக்காற்புள்ளிக்குப் பிறகு தொட்டிருந்தால் 1, தொடாவிட்டால் 0. அந்த வாலைப் படிக்காத பதிவு நிரல் 0 விடையையும் உயரமாக எழுதிக்கொள்ளும். படத்தில் இது ஒரே ஆழத்தில் தட்டையான கிணறுகளாகத் தெரியும். எல்லாக் கிணறும் ஒரே ஆழம் என்றால் அது டையின் பள்ளம் அல்ல, நீங்கள் கட்டளையில் எழுதிய எண்.

இன்னொன்று, தொட்ட இடமும் நின்ற இடமும். தொட்டது தெரிந்த அதே துடிப்பில் ஜிஆர்பிஎல் இடத்தைக் குறித்துக்கொள்கிறது. ஆனால் மெஷின் அங்கேயே நிற்க முடியாது, வேகம் குறைந்து கொஞ்சம் தள்ளிப்போய்த்தான் நிற்கும். முடுக்கம் 10 மி.மீ./வி² என்ற இயல்பமைப்பில், நிமிடத்துக்கு 100 மி.மீ. வேகத்தில் அந்தத் தள்ளல் 0.14 மி.மீ. புரோப் விடையை விட்டுவிட்டு, நின்ற பிறகு “எங்கே இருக்கிறாய்” என்று கேட்டு எழுதும் நிரல் இந்த 0.14ஐயும் சேர்த்து எழுதும். அது எப்போதும் ஒரே அளவாக இருந்தால்கூடப் பொறுக்கலாம். டையின் உருவத்தை அது மாற்றாது, மொத்தமாகக் கீழே இறக்கும், அவ்வளவே. வேகத்தைப் பாதியில் மாற்றினால்தான் ஆபத்து. மாற்றிய வரியிலிருந்து ஒரு படிக்கட்டு தோன்றும். அலைவைத் தடுக்க 10 மில்லி விநாடி காத்திருக்கச் சொல்லும் அமைப்புகளும் இப்படித்தான்: நிமிடத்துக்கு 100 மி.மீ.யில் 0.017, 600 மி.மீ.யில் 0.1.

ஜிஆர்பிஎல்லின் விடை வருவது மெஷின் ஆயத்தில். நீங்கள் வேலைக்கு வைத்த பூஜ்யம் வேறு. இரண்டும் கலந்தால் படம் சரியாகவும் இடம் தவறாகவும் இருக்கும். லினக்ஸ்சிஎன்சி என்ற இன்னொரு கட்டுப்பாட்டு மென்பொருள் அப்படி அல்ல. நடப்பு வேலை ஆயத்திலேயே 5061 முதல் 5069 வரையான மாறிகளில் வைக்கிறது, வெற்றியா என்பதை 5070இல் சொல்கிறது, கோப்பைத் திறக்கவும் மூடவும் தனிக் கட்டளைகளே உண்டு. ஜிஆர்பிஎல்லில் எல்லா எண்ணும் 25.4 மடங்கு சிறுத்திருந்தால் அங்குலத்தில் அறிக்கை தரச் சொல்லும் டாலர் 13ஐப் பாருங்கள். உயரத்தை மட்டும் எழுதி, எக்ஸ், ஒய் நமக்குத்தான் தெரியுமே என்று விட்டால், யுஎஸ்பி ஒரு விடையைத் தவறவிட்ட இடத்திலிருந்து மொத்தக் கட்டமும் ஒரு புள்ளி நகர்ந்து கண் கோணலாகக் கிழியும். மூன்று எண்ணையும் வாலையும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வொரு வரியையும் உடனே வட்டில் பதியுங்கள். கடைசியில் மொத்தமாகச் சேமிக்கும் நிரல், பதினைந்தாவது மணியில் கரண்ட் போனால் ஒன்றையும் மிச்சம் வைக்காது.

சீப்புப் பல்லுக்கு வருவோம். நேரத்தை மிச்சம் பிடிக்க, ஏர் உழுவதுபோல ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று தொட்டுக்கொண்டு போவது வழக்கம். லீட் ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே சிறு ஆட்டம் இருக்கும். திசை மாறும்போது அந்த ஆட்டம் தீரும்வரை ஸ்க்ரூ சுற்றும், மேசை நகராது. துடிப்புக் கணக்கு மட்டும் ஏறும். ஆகவே ஒற்றைப்படை வரிகள் ஒரு பக்கமும் இரட்டைப்படை வரிகள் மறுபக்கமும் விலகி நிற்கும். இதில் ஒரு லாபம் உண்டு: பக்கத்துப் பக்கத்து வரிகளை எவ்வளவு நகர்த்தினால் ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகின்றன என்று பார்த்தால் ஆட்டத்தின் அளவு தானே கிடைத்துவிடும். திருத்தம்: எல்லா வரியையும் ஒரே திசையில் தொடுவது. நேரம் கூடும், கூடட்டும்.

சரிவுக்குக் காரணம் வெயில். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.023 மி.மீ. நீளும். 300 மி.மீ. சட்டம் 10 டிகிரி சூடேறினால் 0.07 மி.மீ. காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் நடுவே சாத்தூர்த் தகரக் கூரைக்கடியில் பத்து டிகிரி ஒரு பொருட்டே இல்லை. கூடவே ஸ்டெப்பர் மோட்டார்கள் சும்மா நிற்கும்போதும் சூடாகும். தடுப்பது கடினம், கழிப்பது எளிது: ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் டையின் ஓரத்தில் ஒரே ஒரு அடையாளப் புள்ளியைத் தொட்டு எழுதிக்கொண்டால், அந்தப் புள்ளி ஏறி இறங்குவதை மற்றவற்றிலிருந்து கழித்துவிடலாம். நேரப் பத்தி இருப்பதால் வெப்பமா, திருகு தளர்ந்ததா என்றும் தெரியும். வெப்பம் வளைந்து ஏறி மாலையில் இறங்கும். தளர்ந்த திருகு இறங்குவதில்லை.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் மிஞ்சுவது வடிவியல். நல்ல புரோப்பின் முனையில் 2 மி.மீ. மாணிக்கக் குண்டு இருக்கும். கோப்பில் பதிவாவது குண்டின் மையம். சமதளத்தில் ஆரத்தைக் கழித்தால் போதும். 45 டிகிரி சரிவில் குண்டு அடியால் தொடாது, விலாவால் தொடும். ஆரம் 1 மி.மீ. என்றால் 0.41 மி.மீ. உயரமாகப் பதிவாகும். இமையோரத்துச் சிறு பள்ளத்துக்குள் குண்டு நுழையவே நுழையாது. தவிர, மூன்று கால் அமைப்பு என்பதால் பக்கவாட்டில் எந்தத் திசையில் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்துச் சுற்று அறுவதற்குத் தேவையான தள்ளல் மாறும். 6204 பேரிங் ஒன்றின் 20 மி.மீ. துளையை உள்ளிருந்து சுற்றிலும் தொட்டுப் பாருங்கள். அந்தத் துளை நூறில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துக்குக் கடைந்தது. வட்டம் வர வேண்டிய இடத்தில் மூலை மழுங்கிய முக்கோணத்தின் சாயல் வந்தால் அது புரோப்பின் கையெழுத்து. ஆகவே கண்மலர் டை போன்ற நுண்ணிய வேலைக்கு, விலை உயர்ந்த குண்டுப் புரோப்பைவிட எளிய ஊசிச் சுற்றே நல்லது என்பது என் கட்சி. பித்தளையைப் புளி போட்டுத் துலக்கி, நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டால் தொடுகையும் சுத்தம்.

ஆனால் தேய்ந்த டையை எவ்வளவு ஒழுங்காகப் பதிவு செய்தாலும் கிடைப்பது தேய்ந்த கண். டை புதிதாக இருந்தபோது அழுத்திய பழைய வெள்ளிக் கண்மலர் ஒன்று எந்த வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் அதைத் தொடுவது மேல். டை வெட்டும்போது தகட்டின் கனத்தைக் கழித்துக்கொள்ளலாம். வெள்ளி நன்றாகவே கடத்தும், மேலே கறுத்த சல்பைடு படலத்தைத் துடைத்துவிட வேண்டும். தகடு மெல்லியது, எரிபொருள் குழாயைப்போல இதுவும் வளையும். தட்டார்கள் செய்வதுபோலப் பின்பக்கம் அரக்கு உருக்கி ஊற்றி இறுகவிட்டால் தாங்கும். பிறகு வேகம்: தொட்ட பின்னும் 0.14 மி.மீ. இறங்கும் ஊசி வெள்ளியில் புள்ளி குத்திவிடும். தள்ளல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் நிமிடத்துக்கு 25 மி.மீ. ஆக்கினால் பதினாறில் ஒரு பங்கு, 0.009 மி.மீ. தூக்கும் உயரத்தை 2 மி.மீ.யிலிருந்து அரை மி.மீ.யாகக் குறைத்துக்கொண்டால் இறங்க எடுக்கும் நேரம் இரண்டிலும் 1.2 விநாடிதான், அந்த அரை மி.மீ. போதாத செங்குத்தான மூக்கோரத்தில் மட்டும் கூடுதலாகத் தூக்கிக்கொள்ள வேண்டும்.